ஒரே மாதிரி 17 சந்துகள்: நூற்பாலையில் நேவ்2 மென்பொருள்

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையே உள்ள ஒரு நூற்பாலையில் மின்னணுப் பராமரிப்பைக் கவனித்துவருகிறேன். பஞ்சைத் தடித்த இழையாக்கும் சிம்ப்ளக்ஸ் பகுதியிலிருந்து, அந்த இழை சுற்றிய பாபின்களின் வண்டிகளை, நூல் நூற்கும் நீண்ட இயந்திரங்களான ரிங் ஃப்ரேம்களுக்குக் கொண்டுபோக ஒரு தானியங்கி ரோபோவை எங்கள் பட்டறையிலேயே கட்டினோம். அதில் ரோபோக்களுக்கான ராஸ் 2 தளத்தின் மேல் ஓடி ரோபோவுக்கு வழிகாட்டும் நேவ்2 என்ற கட்டற்ற மென்பொருளையும், அதனுடன் வரும் ஏ.எம்.சி.எல். என்ற இடமறி நிரலையும், வரைபடம் எடுப்பதற்கு ஸ்லாம் டூல்பாக்ஸையும் ஒன்பது மாதங்களாகப் பயன்படுத்திவருகிறோம். இம்மூன்றையும் பற்றிய மதிப்புரை இது. இவற்றில் எதற்கும் உரிமக் கட்டணம் கிடையாது. ஆகவே பணத்துக்கு ஏற்ற பொருளா என்று பார்ப்பதைவிட, நம் ஆலையின் தரைக்கும் தூசிக்கும் இது ஈடுகொடுக்கிறதா, அதற்கு நாம் எவ்வளவு ஆள்நேரம் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பதே பொருத்தம்.

தொடங்குவதற்கு முன் ஒரு சொல் விளக்கம். ரோபோத் துறையில் லோக்கலைசேஷன் என்றால், ரோபோ தான் எங்கே நிற்கிறது, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று தானே கணித்துக்கொள்வது. இந்தச் சொல்லை நிர்வாகக் கூட்டத்தில் சொன்னபோது, எங்கள் கணக்குப் பிரிவு மேலாளர் அதைத் தமிழில் மெனு வரும் வசதி என்று எடுத்துக்கொண்டு மிகவும் மகிழ்ந்துபோனார். அந்த வசதி இதில் இல்லை. மென்பொருளின் ஆவணங்கள் எல்லாமே ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ரோபோ "வழி விடுங்க" என்று சொல்வது நாங்களே ஒலிப்பதிவு செய்து சேர்த்தது. குழப்பத்தைத் தவிர்க்க இக்கட்டுரையில் இடமறிதல் என்றே எழுதுகிறேன்.

நிறுவுவது கடினமாக இல்லை. ராஸ் 2இன் 2022 மே மாதம் வெளிவந்த ஹம்பிள் பதிப்பை உபுண்டு 22.04 என்ற லினக்ஸில் ஏற்றினோம். அதற்கு 2027 மே வரை ஆதரவு உண்டு. இன்று புதிதாகத் தொடங்குபவர்கள் 2024 மே மாதம் வந்த ஜாஸி பதிப்பை எடுத்துக்கொள்வது நல்லது. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களில் பாதிக்கு மேல் ராஸ் 1க்கு எழுதப்பட்டவை. அதன் கடைசிப் பதிப்பான நோயடிக்கின் ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

வரைபடம் எடுக்கும்போதுதான் முதல் அதிர்ச்சி காத்திருந்தது. பொங்கல் நோம்பிக்கு ஆலை நின்ற நாட்களில், தரை காலியாக இருக்கிறதே என்று எண்ணி, ரோபோவைக் கையால் இயக்கி எல்லாச் சந்துகளிலும் ஓட்டினோம். எங்களிடம் 18 ரிங் ஃப்ரேம்கள் இருக்கின்றன, அவற்றுக்கு இடையே 17 சந்துகள். படம் திரையில் அழகாக விரிந்துகொண்டே வந்தது. எல்லாம் முடிந்த பிறகு எண்ணிப் பார்த்தால் 16 சந்துகள்தான் இருந்தன. மறுபடி எண்ணினோம், அப்போதும் 16தான். ஸ்லாம் டூல்பாக்ஸ், முன்பு பார்த்த இடத்துக்கே ரோபோ திரும்பி வந்துவிட்டது என்று தோன்றும்போது பழைய அளவுகளையும் புதிய அளவுகளையும் ஒன்றாகத் தைத்துவிடும். வளைந்து சுற்றிவரும் கட்டடங்களில் படம் கோணாமல் இருப்பதற்கு இந்த வேலைதான் காரணம். எங்கள் கூடத்தில் அடுத்தடுத்த இரண்டு சந்துகள் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருந்ததால், இரண்டாவதைப் பார்த்தவுடன் முதலாவதுக்கே வந்துவிட்டதாக முடிவுசெய்து, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஒப்புமை எவ்வளவு உறுதியாக இருந்தால் தைக்கலாம் என்ற எல்லையை உயர்த்தி, ஒவ்வொரு சந்தின் தலைப்பிலும் ஒரு பெட்டியை வேறு வேறு கோணத்தில் வைத்து, மீண்டும் ஓட்டிய பிறகே 17 வந்தது. எடுத்த படத்தை அளவுகளோடு சேமித்து வைத்து, பின்னொரு நாள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிவது இந்த மென்பொருளின் பெரிய வசதி. அது இல்லாவிட்டால் அடுத்த நோம்பிவரை காத்திருந்திருக்க வேண்டும்.

இனி ஏ.எம்.சி.எல். (அடாப்டிவ் மான்டி கார்லோ லோக்கலைசேஷன்) பற்றி. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அதற்குத்தான், ஏனென்றால் எங்கள் ஒன்பது மாதங்களின் பெரும்பகுதியும் அதற்கே போனது. இதன் அடிப்படை முறையை 1999இல் டெல்லார்ட், ஃபாக்ஸ், பர்கார்ட், த்ருன் ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ரோபோ எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரே விடையை வைத்துக்கொள்ளாமல், இங்கே இருக்கலாம், அங்கே இருக்கலாம் என்று நூற்றுக்கணக்கான ஊகங்களைப் படத்தின் மேல் தூவிவைப்பது இந்த முறை. ரோபோ நகர நகர ஒவ்வோர் ஊகமும் அதே அளவு நகரும். லேசர் அளவுகோல் சுற்றுப்புறத்தைப் பார்த்துச் சொல்லும் தூரங்களுக்கு ஒத்துவராத ஊகங்கள் உதிர்ந்துவிடும், ஒத்துவருபவை பெருகும். நேவ்2இல் இது குறைந்தது 500, அதிகபட்சம் 2,000 ஊகங்களோடு வருகிறது. குழப்பம் கூடும்போது எண்ணிக்கையைக் கூட்டி, தெளிவு வந்ததும் குறைத்துக்கொள்ளும் உத்தி, பின்னர் ஃபாக்ஸ் சேர்த்தது. பெயரின் முதலெழுத்துக் குறிக்கும் தகவமைப்பு இதுதான்.

இந்த ஆய்வு வழியில் வந்த ரோபோக்கள் முதலில் பேர்பெற்றது அருங்காட்சியகங்களில். 1997இல் ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்தில் ரைனோ, 1998இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் மினெர்வா என இரண்டும் கூட்டத்துக்கு நடுவே பார்வையாளர்களுக்கு வழிகாட்டின. கூட்டம் லேசரை மறைத்ததால், மினெர்வா அண்ணாந்து கூரையைக் கேமராவில் பார்த்தும் தன் இடத்தை உறுதிசெய்துகொண்டது. நாமும் கூரையைப் பார்த்தால் என்ன என்று எங்களுக்கும் ஆசை வந்தது. எங்கள் கூரையிலோ டியூப்லைட் வரிசை, காற்றுக்குழாய் வரிசை, பஞ்சை உறிஞ்சும் ஓவர்ஹெட் கிளீனர் ஓடும் தண்டவாள வரிசை என்று தரையில் இருப்பதே தலைகீழாகத் தொங்குகிறது. ஒரே பொருளை இரண்டு முறை வைக்காமல் இருப்பதுதான் அருங்காட்சியகத்தின் தொழில். ஒரே பொருளை இடைவெளி பிசகாமல் ஆயிரம் முறை வைப்பது நூற்பாலையின் தொழில்.

கணக்குப் போட்டால் இது விளங்கும். எங்கள் ரிங் ஃப்ரேம் ஒவ்வொன்றிலும் 1,104 ஸ்பிண்டில்கள், ஒரு பக்கத்துக்கு 552. ஸ்பிண்டிலுக்கு ஸ்பிண்டில் 70 மி.மீ. இடைவெளி என்பதால் ஸ்பிண்டில் வரிசை மட்டும் 38.6 மீட்டர் நீளம். நாங்கள் முதலில் பொருத்திய மலிவான லேசர் 12 மீட்டர் வரைதான் பார்க்கும். ஆக, சந்தின் நடுவே ஏறத்தாழ 15 மீட்டர் தூரத்துக்கு ரோபோவின் கண்ணில் முன்கோடியும் படாது, பின்கோடியும் படாது. இரண்டு பக்கமும் இணைகோடாகப் போகும் இயந்திரமும், சம இடைவெளியில் வரும் அதன் கால்களும் மட்டுமே தெரியும். இந்த நிலையில் இடது வலது எவ்வளவு என்று லேசர் துல்லியமாகச் சொல்லிவிடும், நீளவாக்கில் எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்லாது. ஒரு கால் தள்ளி நின்றாலும் காட்சி அதேதான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் இருட்டில் நடப்பவர் மரங்களை வைத்து வழி அறிவதில்லை. கிணறும் மோட்டார் ரூமும் வரப்போரத்து வேப்பமரமும்தான் அவருக்கு அடையாளம். எங்கள் கூடத்தில் கிணறும் இல்லை, வேப்பமரமும் இல்லை.

ரோபோ சற்றுத் தடுமாறி நின்றால் அது ஒரு சிறு தொல்லை, அவ்வளவுதான். ஆனால் மூன்றாம் மாதம் நடந்தது வேறு. ஒருநாள் இரவு ஷிஃப்டில், ரிங் ஃப்ரேமைக் கவனிக்கும் ஒரு சைடர் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஏனுங் சார், இந்த மெசினுக்கு மஞ்சப் பாபின்தானுங்க ஓடுது? இது நீலப் பாபினைக் கொண்டாந்து நிறுத்தியிருக்குதுங்க" என்றார். நூற்பாலையை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். எங்களிடம் மஞ்சள் பாபின் ஒரு கவுண்டுக்கு, அதாவது நூலின் ஒரு பருமனுக்கு, நீலம் இன்னொன்றுக்கு. அவர் நிறத்தைக் கவனிக்காமல் மாட்டியிருந்தால், இரண்டு கவுண்டும் கலந்த நூல் கோனுக்குப் போய், திருப்பூரில் துணியாகிச் சாயம் ஏறிய பிறகே பட்டை பட்டையாகத் தெரிந்திருக்கும். ரோபோ போக வேண்டிய சந்துக்குப் பக்கத்துச் சந்தில் போய் நின்றிருந்தது. என்னை உறுத்தியது அந்தத் தவறன்று, அப்போது திரையில் கண்ட காட்சி. ஊகங்கள் எல்லாம் சரியான சந்தின் மேல் சிறு கொத்தாகக் குவிந்திருந்தன. அதாவது, ரோபோ தப்பான இடத்தில் நின்றுகொண்டு, தான் சரியான இடத்தில் இருப்பதாகத் துளியும் ஐயமின்றி நம்பிக்கொண்டிருந்தது.

இந்த மென்பொருள் மீது நான் வைக்கும் முதன்மையான விமர்சனம் இதுவே. ஊகங்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவைத்தான் ஏ.எம்.சி.எல். தன் ஐயத்தின் அளவாக வெளியிடுகிறது. ஊகங்கள் ஒன்றுகூடிவிட்டால் அந்த அளவு சிறிதாகிவிடும், கூடிய இடம் சரியோ தவறோ. லேசர் காட்சி படத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைத் தனியாகக் கணக்கிட்டாலும், அச்சாக ஒன்றாக இருக்கும் சந்துகளில் அதுவும் நன்றாகவே பொருந்தித் தொலைக்கும். இது நிரலின் பிழையன்று, அந்த முறையின் இயல்பு. ஆனால் நேவ்2ஐ முதன்முதலாக எடுத்துக்கொள்பவருக்கு இந்த இயல்பு தலைவாசலில் எழுதி வைக்கப்பட வேண்டியது. ஆவணங்களில் அளவுருக்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது, எந்தக் கூடத்தில் இது ஏமாறும் என்ற பட்டியல் இல்லை.

சந்து ஏன் மாறியது என்று தேடியபோது சக்கரத்தில் விடை கிடைத்தது. தரையில் பறந்துகிடக்கும் பஞ்சு சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, மெல்லிய உறைபோல் இறுகியிருந்தது. எங்கள் சக்கரத்தின் விட்டம் 150 மி.மீ. அதன் மேல் ஒன்றரை மி.மீ. பஞ்சு ஏறினால் ஆரம் 75 மி.மீட்டரிலிருந்து 76.5 ஆகிறது, இரண்டு சதவீதக் கூடுதல். கணினியோ பழைய ஆரத்தையே வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு சந்தைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 77 செ.மீ. பிழை சேர்ந்துவிடும். இரண்டு சக்கரத்திலும் ஒரே அளவு சுற்றினாலாவது நேர்க்கோட்டுப் பிழையோடு போகும், ஒன்றில் மட்டும் சுற்றினால் திசையே கோணிவிடும். சந்துகளுக்குக் குறுக்காகப் போகும் நடைபாதையில் இப்பிழை சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஒரு சந்துத் தலைப்பை எண்ணத் தவறினால் போதும், அடுத்த சந்து இந்தச் சந்தாகிவிடும்.

ஏ.எம்.சி.எல்.இல் சக்கரக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வதற்கு ஆல்ஃபா என்ற பெயரில் சில அளவுருக்கள் உண்டு. அவற்றை உயர்த்தினோம். ஒரு சுழல் உணரியைச் சேர்த்து, அதையும் சக்கரக் கணக்கையும் ரோபோ-லோக்கலைசேஷன் என்ற இன்னொரு கட்டற்ற நிரலால் கலந்து கொடுத்தோம். பிழையுள்ள பல அளவுகளைக் கலந்து நல்ல கணிப்பைத் தர கால்மான் 1960இல் வகுத்த வடிகட்டியின் விரிவாக்கம்தான் அதன் உள்ளே ஓடுகிறது. திசைக் கோணல் பெருமளவு குறைந்தது, நல்ல பலன். நேர்த்தூரப் பிழையை மட்டும் அதனால் பிடிக்க முடியவில்லை. அதற்கு மருந்து, ஷிஃப்டுக்கு ஒருமுறை சக்கரத்தைத் துடைப்பது.

பஞ்சு வேறு வகையிலும் படுத்தியது. லேசரின் கண்ணாடியில் ஒட்டிய ஓர் இழை, ரோபோவுக்கு முன்னால் எப்போதும் ஒரு கம்பம் நிற்பதாகக் காட்டியதால் அது ஒரு மணி நேரம் நகரவே மறுத்தது. ஓவர்ஹெட் கிளீனரின் உறிஞ்சு குழாய்கள் தரையை ஒட்டித் தொங்கியபடி சந்துக்குள் நகர்ந்து வருவதைத் தடையாகக் கண்டு, நின்று, அது போனதும் தொடர்ந்தது. இங்கே நேவ்2 நன்றாகவே நடந்துகொண்டது என்று சொல்ல வேண்டும். தடை வந்தால் முதலில் காத்திரு, பிறகு வேறு வழி பார், அப்படியும் ஆகாவிட்டால் பின்வாங்கு என்ற ஒழுங்கை மரம்போல் கிளைவிட்ட ஒரு கோப்பில் நாமே மாற்றி எழுதிக்கொள்ளலாம். சந்தில் வேறு வழியே கிடையாது என்பதால் காத்திருக்கும் நேரத்தை நாங்கள் நீட்டிவைத்தோம். தடைகளைச் சுற்றி ஒதுங்கிப்போக மென்பொருளில் முன்கூட்டியே வரும் 0.55 மீட்டர் விளிம்பு, ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான எங்கள் சந்து முழுவதையும் ஆபத்துப் பகுதியாக்கிவிட்டது. அதைக் குறைத்தோம், அத்துடன் அந்தப் பிரச்சினை முடிந்தது.

இன்னொன்றும் நடந்தது. ரோபோ வழியில் நின்றால், நூல் நிறைந்ததும் கழற்றி மாற்றும் டாஃபிங் அவசரத்தில் இருப்பவர்கள் அதை நகர்த்தி ஓரமாக விட்டுவிடுகிறார்கள். ஆய்வுலகில் இதற்குக் கடத்தப்பட்ட ரோபோ என்றே பெயர். தூக்கி வேறிடத்தில் வைக்கப்பட்ட ரோபோ, பழைய இடத்திலேயே இருப்பதாக நம்பிக்கொண்டு கிளம்பும். ஐயம் வரும்போது படமெங்கும் புதிய ஊகங்களைத் தூவும் மீட்பு வசதி ஏ.எம்.சி.எல்.இல் இருக்கிறது, ஆனால் அது அணைத்துவைக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. போட்டுப் பார்த்தோம். எங்கள் கூடத்தில் தூவிய ஊகங்கள் 17 சந்துகளிலும் ஒரே தகுதியோடு வேர்விட்டதால், நிலைமை மோசமாகத்தான் ஆனது. மீண்டும் அணைத்துவிட்டோம்.

முடிவில் கூடத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. முதலில் 25 மீட்டர் பார்க்கும் லேசரை வாங்கினோம். சந்தின் எந்த இடத்தில் நின்றாலும் ஒரு கோடியாவது கண்ணில் படும் என்பதால், நீளவாக்கு ஐயம் அன்றே தீர்ந்தது. நூறு அளவுருக்களைத் திருத்திக் கிடைக்காதது அந்த ஒரு மாற்றத்தில் கிடைத்தது என்பதைச் சற்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அடுத்து, ஒவ்வொரு ரிங் ஃப்ரேமின் கியர் பக்கத் தகட்டிலும் ஏப்ரல்-டேக் என்ற கறுப்பு வெள்ளைக் கட்டச் சீட்டை ஒட்டினோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஓல்சன் 2011இல் வெளியிட்ட முறை இது. பரவலாகப் பயன்படும் 36எச்11 குடும்பத்தில் மட்டும் 587 வெவ்வேறு சீட்டுகள் இருக்கின்றன, எங்களுக்கு வேண்டியது 18. ரோபோவின் கேமரா சீட்டைக் கண்டதும், எந்த இயந்திரம், எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று தெரிந்துவிடும். ஏ.எம்.சி.எல். தானாக இச்சீட்டுகளைப் படிக்காது. ஆகவே, சீட்டு சொல்லும் இடமும் ஏ.எம்.சி.எல். நம்பும் இடமும் 30 செ.மீட்டருக்கு மேல் வேறுபட்டால் ரோபோவை நிறுத்தி, சீட்டின் இடத்தைப் புதிய தொடக்க இடமாகக் கொடுக்கும் சிறிய பைத்தான் நிரல் ஒன்றை, எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த பாலிடெக்னிக் மாணவர் எழுதினார். சந்துக்குள் நுழையும்போது சீட்டைக் காணாவிட்டால் பாபின் வண்டியை இறக்கக் கூடாது என்ற விதியையும் சேர்த்தோம். அதன் பிறகு நிறம் மாறி ஒரு வண்டியும் போகவில்லை. பஞ்சு படியாத, வழவழப்பில்லாத தாளில் அச்சிட வேண்டும் என்பது மட்டும் அனுபவத்தில் தெரிந்தது. பளபளப்பான ஸ்டிக்கரில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்து, கேமராவுக்குப் பாதிக் கட்டங்கள் மறைந்துபோயின.

வேறு வழிகளையும் யோசிக்காமல் இல்லை. தரையில் காந்தப் பட்டை ஒட்டி அதன்மேல் ஓடும் வண்டி, இடமறிதல் என்ற தலைவலியே இல்லாதது. ஆனால் கேன்களும் தள்ளுவண்டிகளும் நாள் முழுக்க உருளும் தரையில் பட்டை எத்தனை நாள் தாங்கும் என்ற கவலை இருந்தது. கூகுள் 2016இல் வெளியிட்ட கார்ட்டோகிராஃபர் என்ற வரைபட மென்பொருளையும் முயன்றோம். படம் நன்றாகவே எடுத்தது, ஆனால் அதன் அமைப்புக் கோப்பைப் புரிந்துகொள்வதற்குள் ஸ்லாம் டூல்பாக்ஸில் வேலையே முடிந்திருந்தது.

நிலைத்தன்மையில் குறை சொல்ல முடியாது. நேவ்2ஐ உருவாக்கிய ஸ்டீவ் மசென்ஸ்கியும் குழுவினரும் 2020இல் இந்த மென்பொருளை ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில் 37 மைலுக்கு மேல் தானாக ஓடவிட்டுச் சோதித்து எழுதினார்கள். எங்கள் ஒன்பது மாதங்களிலும் மென்பொருள் தானாகச் செத்து நின்றது அரிது. பாதுகாப்பு மட்டும் வேறு கணக்கு. நேவ்2 மனிதரைக் கண்டு ஒதுங்கும் என்பதை நம்பி அவசர நிறுத்தத்தை அதன் கையில் விடவே கூடாது. ஆளில்லாத் தொழிற்சாலை வண்டிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 3691-4 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி பாதுகாப்புக்கென்றே செய்யப்பட்ட உணரியும், கணினி வழியாகப் போகாமல் நேரடியாக மோட்டார் மின்சாரத்தை வெட்டும் பொத்தானும் தனியே வேண்டும். இந்த இரண்டுக்கான செலவையும் இலவச மென்பொருளின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

லினக்ஸில் கைபழகிய ஒருவர், பைத்தான் எழுதத் தெரிந்த ஒருவர், கூடத்தில் எது எங்கே நகரும் என்று அறிந்த மேஸ்திரி ஒருவர் என மூவர் இருக்கும் ஆலைக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மேஸ்திரி இல்லாமல் மற்ற இருவர் மட்டும் தொடங்க வேண்டாம். எங்கள் மேஸ்திரி முதல் வாரத்திலேயே "எல்லாச் சந்தும் ஒண்ணாட்டத்தானுங்க இருக்குது, இதுக்கு எப்படீங் தெரியும்?" என்று கேட்டார். மூன்று மாதம் கழித்து நீலப் பாபின் வந்து நின்ற பிறகே அந்தக் கேள்வியை நான் சரியாகக் காதில் வாங்கினேன். இந்த மூவரும் இல்லாத ஆலைகள், ரோபோவை வெளியிலிருந்து வாங்கி, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தோடு வைத்துக்கொள்வதே மேல். அப்போதும் விற்பவரை ரிங் ஃப்ரேம் சந்தின் நடுவே கூட்டிப்போய், ரோபோவை அணைத்து, இரண்டு சந்து தள்ளி வைத்து, மீண்டும் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் ரோபோ இப்போது இரண்டு ஷிஃப்டுகளில் ஓடுகிறது. சக்கரம் துடைப்பதையும் லேசர் கண்ணாடி துடைப்பதையும் ஷிஃப்ட் நோட்டில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறோம். பகல் ஷிஃப்டில் தவறாமல் கையெழுத்து விழுகிறது, இரவு ஷிஃப்டில் பாதி நாள் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.